கட்டிங் மாஸ்டர் மாற்றிய ஆக்சில்கள்

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த அதே வாரத்தில் காரும் சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் முன்சக்கரத்துப் பக்கம் டக் டக் டக் என்று கேட்கும். நேராக ஓட்டினால் நின்றுவிடும். வீட்டில் இப்போது இரண்டு நோயாளிகள் என்றாள் அம்மா. ஒன்றைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், இன்னொன்றைப் பார்க்க நான் இருக்கிறேன் என்றாள்.

அவள் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் காரைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்த உடம்போடு காருக்கு அடியில் படுக்கவிட்டாயே என்றார்கள். படுக்கவிட நான் யார்? அவள் யாரிடமாவது அனுமதி கேட்டு எதையாவது செய்து நான் பார்த்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். கேட்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

அம்மா சீருடை தைக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் துணி வெட்டினாள். அந்த வேலைக்குப் பெயர் கட்டிங் மாஸ்டர். அங்கே அவளுக்கு முன்னாலும் பின்னாலும் அந்த மேசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். எண்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். கத்தி ஒரு நூல் விலகினால் எண்பது சட்டை போச்சு. அதனால் வெட்டுவதற்கு முன்னால் நிறைய யோசிப்பாள். வெட்டிய பிறகு யோசிக்கவே மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். என் எட்டாவது வயதில் அப்பா வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது இரண்டு வாக்கியம்.

கார் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. மூன்று பேர் ஓட்டிக் களைத்துப்போட்ட கார். முதல்முறை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்தவர், வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் அனுப்புங்கள், அவரிடம் விளக்குகிறேன் என்றாராம். அம்மா பானெட்டைத் தானே மூடிவிட்டு வண்டியை வெளியே எடுத்தாள். அதன் பிறகு அந்தக் கார் எந்த ஒர்க்‌ஷாப்பின் வாசலையும் மிதிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் அந்த மாடலின் ரிப்பேர் புத்தகம் ஒன்றைப் பிடித்தாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் பாகங்களைப் பிரித்துப் பரப்பிக் காட்டும் படங்களைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள். சட்டையை முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று பிரித்து வரைந்த தாளும் இதுவும் ஒன்றுதானே என்பாள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டிலும் தையல் சாக்பீஸால் குறி போட்டு, கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய வேட்டித் துணியில் அடுக்குவாள். பிரேக், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் எல்லாம் அவள் கையால் மாறின. எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னால் நட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வந்தது.

நான் மெக்கானிக்கல் படித்தேன். பம்ப் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். என் பம்ப்புகள் எல்லாம் திரையில் சுற்றும். கடைசியாக என் கையில் கிரீஸ் பட்டது கல்லூரியில். அம்மா என்னை என்ஜினியரம்மா என்று கூப்பிடுவாள், முக்கியமாக எனக்கு ஜாம் மூடி திறக்க வராதபோது.

சிகிச்சை தொடங்கியது. ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர்த்து தினமும் கதிர்வீச்சு. மருத்துவமனை நகரத்தின் மறுகோடியில், நாற்பது நிமிட ஓட்டம். முதல் வாரம் அம்மாவை மாமா கூட்டிப் போனார். அம்மாவின் அண்ணன், பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஏழுக்கே வாசலில் வந்து நிற்பார். கதவைத் திறந்துவிடுவார், பையை வாங்கிக்கொள்வார், ஏறியதும் சீட் பெல்ட்டையும் அவரே மாட்டிவிடுவார். நர்ஸ் அம்மாவைப் பார்த்து ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்டால், தூங்கினா, ஆனா நடுவுல ரெண்டு தரம் எழுந்தா என்று மாமா பதில் சொல்வார். அவர் எங்கள் வீட்டில் படுப்பதுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: "உங்க மாமா தங்கமான மனுஷன். ஆனா அவர் கார்ல ஏறினா நான் மூட்டை ஆயிடறேன்."

அடுத்த வாரம் அவளே காரை எடுத்தாள். டக் டக் என்ற சத்தத்தோடு மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் திரும்பியதை மாமா யார் மூலமோ கேள்விப்பட்டார். இரவு எனக்குப் போன் செய்தார். அது நடுவழியில் கழன்று விழும், பின்னால் வருகிற லாரிக்கு இவள் உடம்பு சரியில்லை என்று தெரியுமா என்றார். நியாயமான கேள்வி. காரை வாங்க ஆள் பார்த்துவிட்டதாகவும், வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டிவருவதாகவும் சொன்னார். நான் சரி என்றேன். இதை எழுதும்போதும் அந்தச் சரி என் வாயில் கசக்கிறது.

வியாழக்கிழமை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, கார் சரியா இருந்தா விக்கச் சொல்லுவியா?"

"சரியா இருந்தா நான் ஏம்மா விக்கச் சொல்லப் போறேன்?"

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். மாமா சமாதானத்துக்குச் சொன்னதை அவள் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள்.

சத்தம் எங்கிருந்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு தண்டு போகிறது. ஆக்சில் என்பார்கள். சக்கரம் திரும்பும்போது தண்டும் வளைந்து கொடுக்க வேண்டுமே, அதற்காக அதன் நுனியில் குண்டுகள் வைத்த ஒரு ஜாயின்ட் உண்டு. அதை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும், குண்டுகள் தேயும். இரண்டு பக்கமும் உறை கிழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கதிர்வீச்சு முடிந்து வரும் வழியில் அம்மா உதிரிபாகக் கடைக்குப் போனாள். போவதற்கு முன்பே காருக்கு அடியில் எட்டிப் பார்த்து, தன் தையல் டேப்பால் இடது ஆக்சிலை அளந்து வைத்திருந்தாள். கடைக்காரர் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜோடி என்றாளாம், அளவைச் சொல்லி. அவர் அந்த அளவிலேயே இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் வேலை ஆரம்பமானது. நான் தடுக்கத்தான் வந்தேன், தடுக்க முடியாமல் நின்றேன். முதல் வேலை, சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தளர்த்துவது. காரைத் தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றும், நட்டு அசையாது. அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். நான் தளர்த்துகிறேன், நீ மிதி என்றேன். கேட்காதது போல, நட்டில் மாட்டிய ஸ்பேனரின் கம்பியில் ஒரு குழாயைச் செருகி நீட்டி, அதன் நுனியில் ஏறி நின்றாள். அப்போது அவள் எடை நாற்பத்தாறு கிலோ. குழாய் ஒன்றேகால் மீட்டர். என் மூளை தானாகவே பெருக்கிப் பார்த்தது: போதும். நட்டு துப்பாக்கிபோல ஒரு சத்தம் போட்டு இளகியது. அம்மா குழாயிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வைத்தோம். எங்கள் காரில் ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவோம். நானும் வழக்கம்போல முதல் கியரில் போட்டுவிட்டு, கியர்ல இருக்கு, நகராது என்றேன். அம்மா அடியில் போகக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"உன் கியர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்குது?"

"முன்சக்கரத்தை."

"அது ரெண்டும் எங்க இருக்கு?"

காற்றில் இருந்தன. அம்மா நான்கு செங்கல்லை எடுத்துவந்து பின்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்தாள். "பாவம், நீ பண்ற பம்ப்புக்கெல்லாம் சக்கரம் கிடையாது, உனக்கு எப்படித் தெரியும்" என்றாள்.

இடது பக்கம் மாலைவரை இழுத்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே உருண்டு வந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். ஒருமுறை குடித்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தோம். சக்கரத்தைத் தாங்கும் பகுதியைக் கழற்றி வெளிப்பக்கம் சாய்த்து, தண்டின் நுனியில் மரக்கட்டையை வைத்துத் தட்டினோம். மறுநுனி கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கம்பி வளையத்தில் பூட்டியிருக்கும். அதை நெம்பி எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் உள்பக்க ஜாயின்ட் பிரிந்து கையோடு வந்துவிடும். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, செய்துகொண்டிருந்தாள். நான் விளக்கைப் பிடித்தேன். புது ஆக்சில் உள்ளே போய் டிக்கென்று பூட்டியதும், பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

இரண்டு ஆக்சில்களையும் ஒரே நேரத்தில் உருவினால் கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் இடம் மாறிவிடலாம், ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போ என்று புத்தகத்தில் எச்சரிக்கை இருந்தது. அதனால் வலது பக்கம் ஞாயிறு காலை. பதினொரு மணிக்குப் பழைய தண்டு வெளியே வந்தது. அம்மா இரண்டாவது பெட்டியைப் பிரித்து, புதியதைத் துணியில் பழையதன் பக்கத்தில் வைத்தாள்.

புதியது குட்டையாக இருந்தது.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்று அங்குலம்.

கியர்பாக்ஸ் காரின் நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும், அதனால் ஒரு தண்டு குட்டை, ஒன்று நீளம். என் படிப்பில் இது இரண்டாம் வருடப் பாடம். அம்மாவின் படிப்பு வேறு. துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கத்தை அளந்து வெட்டினால் மறுபக்கம் தானாக வரும். இருபத்தாறு வருடம் அவள் சட்டையின் இடது கையைத் தனியாகவும் வலது கையைத் தனியாகவும் அளந்ததே இல்லை. அளக்கிறவன் கற்றுக்குட்டி. அந்தத் தொழில் அவளுக்குள் அவ்வளவு ஊறியிருந்ததால்தான் இந்தத் தப்பு நடந்தது. நான் அந்தப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும். என்ன வாங்கினாய் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருக்கும். ஐந்து மணிக்கு ஆள் வருவார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. முடிந்தது, இனி இவள் வீட்டுக்குள் போய்ப் படுப்பாள், நாளையிலிருந்து மாமா காரில் போவாள் என்று நினைத்தேன். போனைக் கையில் எடுத்தேன்.

"மாமாகிட்ட சொல்லிடவாம்மா?"

"என்னன்னு?"

"முடியலன்னு."

"யாருக்கு முடியல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டையானதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதன் நுனி ஜாயின்ட்டை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தாள். பிறகு பழையதன் நுனியை வளைத்தாள். அது கறமுறவென்றது. பழையதன் உள்பக்க ஜாயின்ட்டை வளைத்தாள், அது வழுவழுவென்று போய்வந்தது.

"கைதான் குட்டை" என்றாள். "கஃப் நல்லாத்தானே இருக்கு? இந்தக் கஃபைப் பிரிச்சு அந்தக் கையில வெச்சா என்ன?"

நுனி ஜாயின்ட்டைத்தான் கஃப் என்கிறாள் என்று அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. தேய்ந்தது வெளி நுனி மட்டும்தான். தண்டும் உள்பக்கமும் நன்றாக இருந்தன. புதிய குட்டைத் தண்டிலிருந்து வெளி ஜாயின்ட்டைக் கழற்றி, பழைய நீளத் தண்டின் நுனியில் ஏற்றிவிட்டால் போதும், இரண்டு தண்டின் நுனியிலும் வெட்டியிருக்கும் பற்கள் ஒரே மாதிரி இருந்தால். போனைத் துணிமேல் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். என் பையில் நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் இருந்தது, அலுவலகத்துக்குத் தினமும் கொண்டுபோய் ஒரு நாளும் திறக்காத வெர்னியர். தண்டின் விட்டத்தை அளந்தேன். பற்களை எண்ண வேண்டுமென்றால் நுனி தெரிய வேண்டும், நுனி ஜாயின்ட்டுக்குள் இருந்தது. முதலில் பழையதைக் கழற்றினோம்.

கழற்றுவதென்றால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும், பலமான அடியில் அது சுருங்கி வழி விடும். அடிக்கும்போது தண்டை இறுக்கிப் பிடிக்க எங்களிடம் வைஸ் இல்லை. தண்டைச் சாக்கில் சுற்றி வாசற்படியில் குறுக்கே வைத்து, அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். சுத்தியல் என் கைக்கு வந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். முதல் அடி படியில் விழுந்தது.

"படிக்குப் புது ஆக்சில் வேண்டாம், கண்ணு."

ஆறாவது அடியில் ஜாயின்ட் கழன்று உருண்டது. அம்மா அதற்குள் விரலை விட்டுத் தடவினாள். குண்டு ஓடும் பள்ளத்தில் நகம் மாட்டுகிறது என்று எனக்குக் காட்டினாள். புதியதையும் அதேபோல எடுத்தோம். அதன் உறையை இறுக்கியிருந்த தகர வளையங்களை வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை வேறு வளையத்துக்கு எங்கே போவது? அம்மா தன் ஊசி முனையைக் கொண்டு, தையல் பிரிப்பதுபோல அதன் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். அதற்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது. நான் பற்களை எண்ணினேன். இதில் இருபத்தைந்து, அதிலும் இருபத்தைந்து. வளையம் உட்காரும் பள்ளம், விட்டம், எல்லாம் ஒன்று.

"பொருந்தும்" என்றேன். இரண்டு நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை.

அவசரத்தில் புது ஜாயின்ட்டைத் தண்டில் ஏற்றப்போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரப்பர் உறை இன்னும் துணியில் கிடந்தது. அதை முதலில் தண்டில் நுழைக்காமல் ஜாயின்ட்டை ஏற்றிவிட்டால் மறுபடி அடித்துத்தான் எடுக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டா கஃபைத் தைப்பாய் என்று கேட்டாள். உறையை நுழைத்தேன். கிரீஸை இருவரும் கையாலேயே அள்ளி அடைத்தோம். மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே வளையம் விரிந்து பூட்டிய சத்தம் கேட்டது.

மூன்றரைக்கு அது காரில் ஏறியிருந்தது. ஆயில் ஊற்றி, சக்கரம் மாட்டி, காரை இறக்கினோம். கடைசி நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்க எனக்கு இடம் விட்டாள். நான் இறுக்கினேன். பின்னாலேயே வந்து தானும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு சாக்பீஸால் அதன்மேல் கோடு போட்டாள். கம்பெனியில் சரிபார்த்த கட்டின்மேல் போடும் அதே கோடு. பிறகு உள்ளே போய் முகம் கழுவி, வேறு சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தாள். உடம்பு இளைத்ததில் முடியும் மெலிந்திருந்தது. அதைச் சுத்தமாக வாரியிருந்தாள்.

ஐந்து மணிக்கு மாமா, வாங்க வந்தவரோடு வந்தார். அம்மா வாசலிலேயே சாவியோடு நின்றாள். வாங்க வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, மாமாவை முன் இருக்கையில் ஏறச் சொன்னாள். நான் பின்னால் ஏறினேன். தெருக்கோடியில் லாரிகள் திரும்பும் காலி மைதானம் ஒன்று உண்டு. அங்கே போய் ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசிவரை ஒடித்துச் சுற்றினாள். மூன்று வட்டம். பிறகு வலது பக்கம் மூன்று வட்டம். கண்ணாடியைக் கீழே இறக்கி, எங்கள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். மண்ணில் டயர் அரையும் சத்தம் மட்டும் இருந்தது. மாமா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சத்தம் கேக்குதா அண்ணா?"

"கேக்கல."

"அப்ப விக்கலையே?"

மாமா கைப்பிடியை விட்டுவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டார்.

"கார் நடுவழில நிக்காது, சரி. நீ நடுவழில நின்னுட்டா என்னம்மா பண்றது?"

இதுதான் அவர் முதலிலிருந்தே கேட்க நினைத்த கேள்வி. காரைச் சாக்காக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எஞ்சினை அணைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஓரமா நிறுத்துவேன்" என்றாள். "வண்டியை நிறுத்தத் தெரியாதவளா நான்? ஆனா எப்பன்னு நான்தான் சொல்லுவேன். நீ சொல்லாதே, இவ சொல்லக் கூடாது, டாக்டர் சொன்னா எழுதித் தரச் சொல்லிக் கேப்பேன்."

திரும்பி வந்ததும் வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு நன்றாக இருந்தால் சொன்னதற்கு மேலே தருகிறேன் என்றார். நான் என்ன விற்பதற்கா சரி செய்தேன் என்று அம்மா சிரித்தாள். டீ குடித்துவிட்டு அவர் போனார். மாமாவுக்கு வழக்கமாக மூன்று வாக்கியமாவது அறிவுரை இருக்கும். அன்று ஒன்றுமில்லை. போகும்போது வாசற்படியில் இருந்த சுத்தியல் தழும்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். உன் மருமகள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள் என்றாள் அம்மா.

திங்கள் காலை அவளே ஓட்டிப்போனாள். மிச்சமிருந்த நாலு வாரமும் அவளே. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி என்று மாறியது. ஊசி போட்ட நாளில் தலை சுற்றும். பின்சீட்டில் சுருண்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, தெளிந்ததும் முன்னால் வந்து உட்கார்ந்து ஓட்டுவாள். இரண்டு முறை தெளியவில்லை. இரண்டு முறையும் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு வேறு வண்டி பிடித்து வந்து, மறுநாள் போய் எடுத்துவந்தாள். நர்ஸுகளின் கேள்விகளுக்கு அவளே பதில் சொன்னாள். சில நாள் மாமாவும் கூடப் போவார், பக்கத்து இருக்கையில். வேகமாகப் போகாதே என்பார். நாற்பதில் போனாலும் சொல்வார். அவள் அதை ரேடியோ மாதிரி வைத்துக்கொண்டாள்.

பத்து மாதம் இப்படிப் போனது. டாக்டர் கொடுத்த கணக்கு ஆறு.

கடைசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் விடுப்பு எடுத்துக் கூடப் போவதாக இருந்தேன். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பெல்ட் போட்டு, கிளட்சை மிதித்தாள். பாதி இறங்கி நின்றது. இடது கால் நடுங்கியது. இரண்டு கையாலும் முட்டியை அழுத்தி மறுபடி மிதித்தாள். இறங்கியது, ஆனால் விடும்போது மெதுவாக விட வரவில்லை, வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாவியைத் திருப்பி எடுத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கி, பானெட்டில் கையை ஊன்றியபடி காரைச் சுற்றி என் பக்கம் வந்தாள். வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் போய்ப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து சாவியை நீட்டினாள்.

"கிளட்ச் கால் வரல. நீ ஓட்டு."

இடம் மாறி உட்கார்ந்தோம். தெருமுனை தாண்டியதும் சொன்னாள்:

"நானா இறங்கினேன். யாரும் என்னை இறக்கல. உங்க மாமாகிட்ட அப்படியே சொல்லணும்."

சொல்வதாகச் சொன்னேன். அன்று மாலையே மாமாவின் வீட்டுக்குப் போய், அவள் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுந்து போய் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகம் கழுவினார்.

ஆனால் காலையில், அந்த நாற்பது நிமிடமும், நான் கியர் மாற்றுவது சரியில்லை என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறபோது அவசரப்படுகிறேனாம். சிக்னலில் கிளட்சில் காலை வைத்தே நிற்கிறேனாம். இப்படி ஓட்டினால் வருடத்துக்கு ஒரு கிளட்ச் வாங்க வேண்டும், மாற்றிப் போடுவதற்கு நான் இருக்க மாட்டேன், நீயேதான் அடியில் படுக்க வேண்டும் என்றாள். சரிம்மா, படுக்கிறேன் என்றேன்.